நல்ல நாளும் அதுவுமா

எங்கள் ஊர் தண்ணீர் டேங்கின் தூணில் 'சுத்தம் செய்த நாள்' என்று போட்டு பெயிண்டில் ஒரு தேதி இருக்கும். எட்டு மாதமாக அதே தேதி. குழாயைத் திறந்தால் முதல் குடம் பாசி வாடையோடுதான் வரும், வாயில் துணி கட்டிப் பிடித்தால் துணி பச்சையாகிவிடும். டீக்கடையில் இதைப் பேசாத ஆள் கிடையாது. ஊராட்சித் தலைவரைக் கிழி, செயலரைக் கிழி, கான்ட்ராக்டரின் பரம்பரையையே கிழி. சரி, அக்டோபர் 2 கிராம சபையில் எல்லாருமாகக் கேட்போம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

போனால் பந்தல், மைக், கூட்டத்தை மேற்பார்க்கப் பற்றாளராக வந்த அதிகாரிக்குச் சால்வை. நூறு நாள் வேலைக்கு வரும் அக்காக்களை வரிசையாக உட்கார வைத்து, கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே நோட்டைச் சுற்றவிட்டுக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. வரவு செலவை வாசித்த வேகத்துக்கு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பே தேவலை. "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். நான் எழுந்து, டேங்கை எப்போது கழுவினீர்கள், பிளீச்சிங் பவுடருக்குச் செலவு காட்டியிருக்கிறீர்களே அதன் ரசீது எங்கே என்று கேட்டேன். அவ்வளவுதான். தலைவர் வாயையே திறக்கவில்லை, அவருக்கு அவசியமும் இல்லை. முந்தின நாள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிய அதே ஆட்கள்தான் என்மேல் பாய்ந்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா ஏம்ப்பா பிரச்சினை பண்றே?" "யாரு தூண்டி விட்டது?" "எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" சித்தப்பா முறை ஆகிற ஒருத்தர், மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற மாதிரி, "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வெச்சவருடா அவரு" என்கிறார். மொய்க்கும் பாசிக்கும் என்னய்யா சம்பந்தம்?

வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சபையில் உறுப்பினர். 1994 ஊராட்சிச் சட்டம் கொடுத்த உரிமை. வருடத்துக்கு நான்கு தடவை நடந்து கொண்டிருந்ததை 2022இல் ஆறு தடவை என்று ஆக்கினார்கள். ஆறு தடவையும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயும் மிக்சரும் சாப்பிட்டு வருவதற்கு எதற்கு ஒரு சட்டம்? முதுகுக்குப் பின்னால் கெட்ட வார்த்தையில் திட்டினால் சகஜம், முகத்துக்கு நேரே ரசீதைக் காட்டு என்றால் பகையா? இதில் அந்தச் செயலர்கூட மரியாதையாகத்தான் பேசினார், "எழுதிக் குடுங்க சார், பார்க்கலாம்" என்று. ஊர்க்காரன்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

மறுநாள் டீக்கடையில் அதே சித்தப்பா, "கரெக்டா கேட்டேடா, விடக்கூடாது இவனுங்கள" என்று தோளைத் தட்டுகிறார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தூணில் புதுப் பெயிண்டில் புதுத் தேதி. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் அதே வாடை.