ஃபினாலே இன்னும் திறக்கிறது, அதுதான் சிக்கல்

கணினியில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான ஃபினாலேயை நிறுத்துகிறோம் என்று அதன் நிறுவனமான மேக்மியூசிக் 2024 ஆகஸ்ட் 26 அன்று அறிவித்ததும், ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) எழுதுகிறவர்கள் மத்தியில் ஒரு வாரம் ஒரே ஒப்பாரி. 1988இல் வந்த மென்பொருள். அதிலேயே எழுதிப் பழகி, அதிலேயே தலை நரைத்தவர்கள் உண்டு. ஒரு வருடத்துக்குப் பிறகு வேறு கணினியில் ஆத்தரைஸ் செய்ய (உரிமத்தைப் பதிந்து இயக்க) முடியாது என்று முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், அது காலவரையறை இல்லாமல் தொடரும் என்று மாற்றிச் சொன்னார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பலர் நிம்மதியாகப் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு இந்த நிம்மதியில் உடன்பாடு இல்லை. ஆத்தரைசேஷன் கிடைப்பது ஒன்று, நாளைய விண்டோஸும் மேக்கும் அதை ஓட விடுவது வேறொன்று. 2019இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32 பிட் என்ற பழைய வகை மென்பொருள்கள் எல்லாம் படுத்துவிட்டன. ஃபினாலே 2014உம் அதற்கு முந்தியவையும் அந்தக் கூட்டத்தில் போனவைதான். அன்றைக்கு அதைவிடப் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ள வழி இருந்தது. அடுத்த முறை உடைந்தால் சரிசெய்து கொடுக்க ஆளே இல்லை. ஆகவே ஃபினாலே நன்றாகத் திறக்கிற இந்த நாட்களிலேயே ஃபைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

முதலில் கடைசிப் பதிப்பான 27ஐப் போட்டுக்கொள்ளுங்கள். 2014க்கு முந்திய ‘மஸ்’ ஃபைல்களையும் அது திறக்கும். திறந்ததும் புதிய ‘மஸ்எக்ஸ்’ வடிவத்தில் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு எடுக்க வேண்டும்: ஒரு பிடிஎஃப், ஒரு மியூசிக்எக்ஸ்எம்எல் (இசை எழுதும் மென்பொருள்களுக்குப் பொதுவான ஃபைல் வடிவம்). எக்ஸ்போர்ட் மெனுவில் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக்கும் வசதி இருக்கிறது. இருநூறு பாட்டை ஒவ்வொன்றாகத் திறந்து மாரடிக்க வேண்டாம்.

பிடிஎஃப் எதற்கு என்று கேட்பார்கள். மியூசிக்எக்ஸ்எம்எல் ஸ்வரத்தையும் தாளத்தையும் பாடல் வரியையும் கொண்டுபோகும். நீங்கள் கையால் நகர்த்தி நகர்த்தி அமைத்த பக்கம் அப்படியே வராது. எது எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி பிடிஎஃப் மட்டும்தான். மிடி (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ஒலிக்கு இரண்டு பெயரான எஃப் ஷார்ப்புக்கும் ஜி ஃபிளாட்டுக்கும் மிடியில் வித்தியாசம் கிடையாது. ஸ்லர் (நோட்டுகளைச் சேர்த்து இசைக்கச் சொல்லும் வளைவு), பீம் (நோட்டுகளின் காம்புகளை இணைக்கும் கோடு), பக்கம் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. மிடியை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கோரை (முழு இசைத்தாளை) மீட்பது புதிதாக எழுதுவதைவிடக் கஷ்டம்.

வேறு மென்பொருளில் திறந்ததும் என்னென்ன கெடும்? பெரும்பாலும் நாம் செய்த குறுக்குவழிகள்தான் திருப்பி அடிக்கும். டை (ஒரே ஸ்வரத்தை நீட்டும் வளைவு) போட வேண்டிய இடத்தில் ஸ்லர் போட்டிருப்போம். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். புதிய இடத்தில் ஓடவிட்டால் இரண்டாவது நோட் தனியாக ஒலிக்கும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பெயரை கார்டு டூலில் அடிக்காமல் வெறும் எழுத்தாக அடித்திருப்போம். பாட்டை ஒரு சுருதி ஏற்றினால் ஸ்வரம் ஏறும், கார்டு அங்கேயே நிற்கும். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கை. ஃபினாலேயின் பழைய மேஸ்ட்ரோ எழுத்துருவில் பெரிய எஃப் அடித்தால் மெட்ஸோ ஃபோர்ட்டே (ஓரளவு உரக்க) குறி வரும். அதை டைனமிக்ஸ் பட்டியலிலிருந்து எடுக்காமல் சாதாரண டெக்ஸ்டாக ஒட்டியிருந்தால், புதிய மென்பொருளில் ஸ்டாஃபுக்குக் கீழே மொட்டையாக ஒரு எஃப் நிற்கும்.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவை 7/8 என்று எழுதியிருப்பவர்கள் பீமைப் பாருங்கள். 3+2+2 என்று சேர்த்திருந்தது வந்து சேரும்போது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நோட்டைத் தொட்டுத் திருத்தியதும் அந்த பார் (தாளக் கட்டம்) மட்டும் மென்பொருளின் வழக்கப்படி வேறு மாதிரி சேர்ந்துகொள்ளும். டோரிகோ என்ற இன்னொரு மென்பொருளில் டைம் சிக்னேச்சர் (தாளக் குறி) அடிக்கும்போதே சதுர அடைப்புக்குள் 3+2+2 என்று கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சிபேலியஸ், மியூஸ்ஸ்கோர் என்ற மற்ற இரண்டு மென்பொருள்களிலும் டைம் சிக்னேச்சரின் அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும்.

இனி நம் தலைவலி: தமிழ் வரிகள். கொயர் என்னும் பாடகர் குழுவுக்காகக் கீர்த்தனைகளை நான்கு குரலில் எழுதி வைத்திருப்பவர்கள், யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முன் எழுதியதை எல்லாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்திருப்பார்கள். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட தமிழ் முகமூடி. ‘அம்மா’ என்று தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். நம் புள்ளிதான் அங்கே செமிகோலன்! புதிய மென்பொருள் அந்த எழுத்துருவை விட்டுவிட்டால் முகமூடி கழன்று, சோப்ரானோ (மேல்குரல்) வரியில் அர்த்தமில்லாத ஆங்கிலம் ஓடும். பயப்பட வேண்டாம், எதுவும் தொலையவில்லை. அதே எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் அது அடுத்தவர் கணினியில் மறுபடி கழலும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் ஒரே தீர்வு.

மாற்றும்போது ஒரு பெரிய தப்பு நடக்கிறது. மியூசிக்எக்ஸ்எம்எல் என்பது வெறும் எழுத்து ஃபைல்தானே என்று அதை அப்படியே பாமினியை யூனிகோட் ஆக்கும் மாற்றியில் கொட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஆங்கிலக் கட்டளைகள் எல்லாம் தமிழாகி, ஃபைல் திறக்கவே திறக்காது. பாடல் வரியை மட்டும் பிரித்து மாற்றுங்கள். மியூஸ்ஸ்கோரில் டூல்ஸ் மெனுவில் வரிகளை மொத்தமாகக் காப்பி செய்யும் வசதி இருக்கிறது. அதை மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்குங்கள். பிறகு முதல் நோட்டைத் தேர்ந்து கன்ட்ரோல் எல் அடித்து, கன்ட்ரோல் வி-யை அடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு அசையாக அடுத்தடுத்த நோட்டில் உட்காரும். ஒரு பாட்டை முதலில் சோதித்துப் பாருங்கள்.

அசை பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ‘அம்மா’வை ‘அம்-மா’ என்று பிரிக்க வேண்டும். ‘அ-ம்மா’ என்று பிரித்தால் பாடுகிறவர் இரண்டாவது நோட்டில் வாயை மூடிக்கொண்டு தொடங்குவார். புள்ளி வைத்த எழுத்து முந்திய நோட்டோடுதான் போக வேண்டும். சொல்லின் கடைசி அசை பல நோட்டுக்கு நீண்டால் ஹைஃபன் போடாமல் அண்டர்ஸ்கோர் அடியுங்கள், கோடு நீளும். தமிழ் அசை ஆங்கிலத்தைவிட அகலம் என்பதால் நோட்டுகள் தள்ளித் தள்ளி உட்காரும். வரிக்கு நான்கு பார் இருந்தது மூன்றாகலாம். அதற்காக எழுத்தை 8 பாயின்டுக்கு இறக்காதீர்கள், பின்வரிசை ஆல்ட்டோக்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

எந்த மென்பொருளுக்குப் போவது? கொயர், பள்ளி, டியூஷன் என்றால் மியூஸ்ஸ்கோர் போதும், தாராளமாகப் போதும். அது முழுக்க இலவசம். சந்தா கேட்பது ஸ்கோர்களைப் பகிரும் மியூஸ்ஸ்கோர் டாட் காம் தளம். எழுதும் மென்பொருள் டாட் ஆர்க் தளத்தில் சும்மா கிடைக்கிறது. இது தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெக்கார்டிங்குக்கு ஸ்ட்ரிங்ஸ் பார்ட் (வயலின் போன்ற தந்தி வாத்தியங்களுக்கான தனித்தாள்) எழுதிக் கொடுப்பவர்களுக்கு என் ஓட்டு டோரிகோ. 2012இல் சிபேலியஸின் உரிமையாளரான அவிட் லண்டன் அலுவலகத்தை மூடியபோது வெளியேறிய சிபேலியஸ் குழுவின் முக்கியமானவர்கள் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போய், 2016இல் கொண்டுவந்தது அது. ஃபினாலே வைத்திருந்தவர்களுக்கு 149 டாலருக்குத் தந்தார்கள். நடுவில் அரை பீட் செருகினால் பின்னால் உள்ள அத்தனையும் தானாக நகர்ந்து, பார் கோட்டைத் தாண்டும் இடத்தில் டை போட்டுக்கொள்ளும். ஃபினாலே கை பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். சிபேலியஸில் ஏற்கெனவே சந்தா கட்டி எழுதுகிறவர்கள் மாறத் தேவையில்லை.

எதில் திறந்தாலும் சரிபார்க்கும் வரிசை இது. முதலில் மொத்த பார் எண்ணிக்கை பழைய பிடிஎஃபோடு ஒத்துப்போகிறதா? அடுத்து ரிப்பீட்டும் முதல், இரண்டாம் எண்டிங்கும். பிறகு கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸ் மாதிரி டிரான்ஸ்போஸ் ஆகும் (எழுதுவது ஒரு ஸ்வரம், ஒலிப்பது வேறு ஸ்வரம்) வாத்தியங்களின் கீ. கடைசியாக ஒரு தடவை முழுக்க ஓடவிட்டுக் கேளுங்கள்.

பார்ட் பிரின்ட் எடுக்கும்போது தாளின் அளவைப் பாருங்கள். ஃபினாலே ஃபைல்கள் பல அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும், அதாவது 8.5க்கு 11 அங்குலம். நம் கடையில் இருப்பது 210க்கு 297 மில்லிமீட்டர் ஏ4. ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்தால் மொத்தமும் சுருங்கும். பக்க அளவையே ஏ4 ஆக மாற்றிவிட்டு, ஸ்டாஃபின் உயரம் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், இரண்டு வயலின்காரர்கள் ஒரே ஸ்டாண்டைத்தான் பார்க்கப் போகிறார்கள். பக்கம் திருப்பும் இடத்தில் குறைந்தது ஒரு முழு பார் ரெஸ்ட் வருகிற மாதிரி உடைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் ரெக்கார்டிங் நடுவில் ஒருவர் வில்லை நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்டுவார், அந்தச் சத்தமும் மைக்கில் விழும்.