ஊசி போடுவதற்கு முன் கேட்காமல் விட்ட கேள்வி

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவன் மனைவியிடமும் கேட்டேன். "எழுதுங்க அண்ணி, எங்கள மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்களோ" என்றாள்.

தம்பிக்கு அப்போது 33 வயது. இரவுப் பணி. கல்யாணமாகி ஒன்றரை வருடம். எந்நேரமும் அசதி, எடை ஏறிக்கொண்டே போனது, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தனியாக ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பகலில் அரைகுறையாகத் தூங்கியவனுக்கு மாலை நாலரை மணிக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 270 நானோகிராம் என்று வந்தது. "குறைவாக இருக்கிறது, ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். அந்த வாரமே முதல் ஊசி. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

அவனுக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் சுறுசுறுப்பாக இருந்தான், முகத்தில் ஒரு தெளிவு வந்தது, ஆசையும் திரும்பியது. அதனால்தான் ஒரு வருடத்துக்கும் மேல் ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை.

அந்த ஒரு வருடமும் அவர்கள் குழந்தைக்காகக் காத்திருந்த வருடம்.

பரிசோதனை யாருக்கு நடந்தது? அவளுக்குத்தான். மாதா மாதம் ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், தைராய்டு, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அது எவ்வளவு வலிக்கும் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் தனியாகத்தான் போனாள். அவளுடைய ரிப்போர்ட்கள் ஒரு ஃபைல் முழுக்க இருக்கின்றன. எல்லாம் இயல்பு. உறவினர்கள் கேட்கும் கேள்விகளும் அவளிடம்தான் வந்தன. கடைசியில் ஒரு மருத்துவர் விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவில் இருந்தது பூஜ்யம். ஒரு விந்தணுகூட இல்லை.

அடுத்து அவர்கள் பார்த்த ஹார்மோன் மருத்துவர் முதலில் கேட்டது, "ஏதாவது ஊசி போடுகிறீர்களா?" தம்பி இல்லையென்று சொல்லிவிட்டான். பொய் சொல்லவில்லை. அதை ஒரு மருந்தாகவே அவன் நினைத்திருக்கவில்லை, சத்து ஊசி என்று நினைத்திருந்தான். மருத்துவர் விடாமல் "டெஸ்டோஸ்டிரோன்?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இது நடக்கும் விதம் எளிமையானது. விந்தகம் தானாக வேலை செய்வதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி வேலை வாங்குகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருக்கிறதா என்று மூளை பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஊசியோ ஜெல்லோ போட்டால், "தேவையான அளவு இருக்கிறதே" என்று அந்த இரண்டையும் நிறுத்திவிடும். உத்தரவு வராததால் விந்தகம் வேலையை நிறுத்துகிறது. விந்தணு உருவாக வேண்டுமானால் விந்தகத்துக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் இருக்க வேண்டும். அந்த அளவை வெளியிலிருந்து போடும் ஊசியால் அங்கே கொண்டுவர முடியாது. ஆக, ரத்தப் பரிசோதனையில் அளவு அருமையாக இருக்கும், உள்ளே விந்தணு உற்பத்தி நின்றிருக்கும்.

இது ஏதோ அபூர்வமான பக்கவிளைவு அல்ல. உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. முடிவுகள் 1990-இல் வெளிவந்தன. பாதிக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு விந்தணு முழுவதுமாக நின்றுபோனது, கருத்தடையாக அது நன்றாக வேலை செய்தது. அதாவது குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்த என் தம்பிக்கு, யாரும் சொல்லாமலே, ஒரு வருடம் கருத்தடை ஊசி போட்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. "குழந்தை வேண்டுமா, இப்போதோ பின்னாலோ?" என்று கேட்க அரை நிமிடம் போதும். வேண்டும் என்பவர்களுக்கு விந்தகத்தையே தூண்டிவிடும் எச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை என்று வேறு வழிகள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோனைத் தவிர்க்க முடியாதவர்கள் முன்கூட்டியே விந்தணுவை உறையவைத்துச் சேமித்துக்கொள்ளலாம்.

அந்த 270-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும், இளைஞர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அதனால்தான் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்கச் சொல்கிறார்கள். இரவுப் பணியில் இருப்பவர்களுக்குத் தூங்கி எழுந்த சில மணி நேரத்துக்குள் எடுப்பதுதான் பொருந்தும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 300-க்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறது, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் 264-ஐக் குறிப்பிடுகிறது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அறிகுறிகளும் சேர்ந்து இருக்க வேண்டும். தம்பிக்குப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் தூக்கம் கெட்ட நாளின் மாலையில்.

தூக்கம் சின்ன விஷயமில்லை. 2011-இல் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒரே வாரத்தில் நடந்த மாற்றம் அது. உடல் பருமன், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, நீண்ட நாள் எடுக்கும் சில வலி மருந்துகள் எல்லாமே அளவை இறக்கும். இதெல்லாம் சரியானால் அளவு பல நேரம் தானாக ஏறிவிடும்.

எல்.எச். பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விந்தகத்தில். இரண்டும் குறைந்திருந்தால் கோளாறு மேலே, மூளைப் பக்கம். அப்போது பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினையும் பார்க்க வேண்டும், பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். காரணம் தேடாமல் ஊசியைத் தொடர்ந்தால் அந்தக் கட்டி கண்டுபிடிக்கப்படாமலே இருந்துவிடும். தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, இந்தச் சிகிச்சையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. கிளைன்ஃபெல்டர் என்ற பிறவிக் குறைபாட்டோடு ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவர் பிறக்கிறார். புற்றுநோய்க்காக இரண்டு விந்தகங்களையும் இழந்தவர்கள், கீமோவால் விந்தகம் பழுதானவர்கள், பிட்யூட்டரி அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தேவை. இந்த ஹார்மோன் இல்லாவிட்டால் இவர்களுக்கு எலும்பு தேயலாம், ரத்தசோகையும் வரலாம். இவர்கள் கூச்சப்பட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதும் எனக்கு அதே அளவு வருத்தம் தருகிறது. தயவுசெய்து போங்கள். ஆண்மைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், தைராய்டு குறைந்தால் மாத்திரை எடுப்பதில்லையா?

ஆனால் "வயதாகிவிட்டது, அசதியாக இருக்கிறது" என்ற காரணம் மட்டும் இருந்தால் யோசியுங்கள். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வந்தது. அறிகுறிகளும் குறைந்த அளவும் சேர்ந்து உறுதியாக இருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த, 2016-இல் வெளியான ஆய்வில் தாம்பத்திய நாட்டம் ஓரளவு கூடியது, அசதி தீர்ந்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, அது நல்ல செய்தி. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் நுரையீரலில் ரத்தக்கட்டு அடைப்பதும் சற்று அதிகமாகக் காணப்பட்டன. அந்த ஆய்வில் ஜெல்தான் பயன்படுத்தினார்கள். எலும்பு அடர்த்தியைக் கூட்டும் மருந்துதானே, எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவும் கூடித்தான் இருந்தது.

எடுத்துக்கொள்பவர்கள் ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹீமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தவறாமல் பாருங்கள், 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். ஜெல் தடவிய தோல் குழந்தைகள் மேல் படக்கூடாது, அது அவர்கள் உடம்புக்குள் போய் வயதுக்கு வராத பிள்ளைகளிடமே பருவ மாற்றங்களை உண்டாக்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே தாங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். தம்பி மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தினான். அப்படியும் முதல் மூன்று மாதம் மிகவும் கஷ்டப்பட்டான். வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் இன்னும் சுரக்கவில்லை. படுக்கையை விட்டு எழவே மனமில்லாமல் கிடந்தான். "அக்கா, நான் பழைய ஆளா ஆகவே மாட்டேனா?" என்று ஒருநாள் இரவு ஃபோனில் அழுதான். கருத்தடை ஆய்வுகளில் ஊசியை நிறுத்தியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வருடத்திலும் விந்தணு திரும்பியது, சிலருக்கு இரண்டு வருடம்வரை ஆனது. மருத்துவர் சொன்ன அந்தக் கணக்கைத்தான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இப்போது பத்து மாதம் ஆகிறது. பகல் பணிக்கு மாறிவிட்டான், 11 கிலோ குறைந்திருக்கிறான். ஊசி இல்லாமலே காலை அளவு 410. விந்தணு ஒரு மில்லிலிட்டருக்கு 1.4 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் எல்லை 1.6 கோடி. அடுத்த மாதம் மறுபடி டெஸ்ட் இருக்கிறது. இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள்.