பாலை ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வாய்

காபியைப் பற்றி நம்மூரில் நடக்கிற சண்டையெல்லாம் கடையைப் பற்றியதுதான். அந்தக் கடைப் பொடி மாதிரி வராது, இந்தக் கடை இப்போது முன்னே மாதிரி இல்லை. பொட்டலத்துக்குள் என்ன கொட்டை, சிக்கரி எவ்வளவு என்று கேட்கிறவர்கள் குறைவு. பாலும் சர்க்கரையும் கலந்த பிறகு தீர்ப்புச் சொன்னால் பாதி மார்க் பாலுக்குப் போய்விடும். பொடியின் லட்சணம் தெரிய வேண்டுமானால் டிக்காஷனை வெறுமனே குடித்துப் பார்க்கணும்.

பெரிய வித்தை எதுவும் இல்லை. முதல் டிக்காஷன் ஒரு பங்கு, வெந்நீர் மூன்று பங்கு, சர்க்கரை கிடையாது. நாலைந்து நிமிடம் ஆறட்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும். புளிப்பும் கசப்பும் ஆற ஆறத்தான் வெளியே வரும். கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை. காற்றோடு உள்ளே போனால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

கடைப் பலகையில் இருக்கிற பெயர்களுக்கு வருவோம். பிளான்டேஷன் ஏ என்பது பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா என்ற காபி இனம். ‘ஏ’ என்பது கொட்டையின் அளவு மட்டுமே. சல்லடையில் நின்ற பருமன், ருசிக்கான மார்க் இல்லை. நல்ல வறுவலில் இதன் டிக்காஷன் லேசான புளிப்போடு, சுத்தமாக, நாக்கில் ஒட்டாமல் இறங்கும். கழுவாமல் பழத்தோடு காயவைத்தால் அது செர்ரி. கொஞ்சம் கரடு, கொஞ்சம் மண்வாசனை.

பீபெரிக்கு இருக்கிற மவுசு எனக்குப் புரிவதில்லை. வழக்கமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒன்றே ஒன்று விளைந்தால் உருண்டையாக வரும், அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் 30 சதவீதம் சிக்கரி கலந்து, பால் ஊற்றி, சர்க்கரை போட்டபின் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற நாக்கு அபூர்வம். இன்னொன்று, ரொபஸ்டா என்ற இன்னொரு காபி இனத்திலும் பீபெரி உண்டு. ‘பீபெரி’ என்று மட்டும் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், எதன் பீபெரி என்று திருப்பிக் கேளுங்கள்.

ரொபஸ்டாவைக் கீழாகப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். இந்தியாவில் விளைகிற காபியில் பெரும்பகுதி அதுதான். கஃபீன் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெறுமனே குடித்தால் கட்டையைக் கடித்த கசப்பு. அராபிகாவோடு கால் பங்கு சேர்த்தால் பாலுக்கு ஈடுகொடுக்கிற கனம் வரும். தனி அராபிகா போட்டுவிட்டு ‘காபி தண்ணியா இருக்கு’ என்று புலம்புகிறவர்களுக்கு மருந்து இதுதான், சிக்கரி இல்லை.

சிக்கரி ஒரு வேர். வறுத்து அரைத்தால் கருகிய சர்க்கரையின் இனிப்பும் கசப்பும் வரும்; கஃபீன் துளியும் கிடையாது. காபித்தூளில் தண்ணீரில் கரைவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சிக்கரியில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால்தான் கருப்பாக, கெட்டியாக, கள்ளிச்சொட்டு மாதிரி டிக்காஷன் இறங்குகிறது. நிறத்தைப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று ஏமாறுவது இங்கேதான். இரண்டாம் டிக்காஷன் சப்பென்று ஆவதற்கும் இதுவே காரணம்: கரைய வேண்டியது முதலிலேயே கரைந்து போயிருக்கும். எனக்கு 80:20 போதும், அதாவது காபி 80, சிக்கரி 20. 60:40-ஐத் தாண்டிச் சிக்கரி கூடினால் வெறும் கேரமல் வாசனைதான் மிஞ்சும். சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் சதவீதமும் பொட்டலத்தில் இருக்க வேண்டும். படித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் பச்சைத் தண்ணீரில் அரைக்கரண்டிப் பொடியைத் தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே அடியில் போகும்.

பொடி நல்லதாக இருந்தும் டிக்காஷன் சொதப்புவது ஃபில்டரில். 20 கிராம் பொடிக்கு 120 மில்லி தண்ணீர். பொடியே 40 மில்லி போல உறிஞ்சிக்கொள்ளும், கீழே 80 மில்லி வரும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் பொடி நனைகிற அளவு, பிறகு மீதி. பதினைந்து இருபது நிமிடத்தில் இறங்கினால் சரி. ஐந்தே நிமிடத்தில் கொட்டிவிட்டால் அரைவை கரகரப்பு, அல்லது பொடியைச் சமன் செய்து அமுக்கவில்லை. சொட்டவே இல்லையா? அரைவை மாவாக இருக்கலாம், பொடி மேல் வைக்கிற குடைத் தட்டை அழுத்தி வைத்திருக்கலாம். பல சமயம் காரணம் காற்று: இரண்டு அடுக்கும் இறுக்கமாகப் பொருந்தி, கீழே மாட்டிய காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும். மேல் அடுக்கை லேசாகத் தூக்கி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும். அப்படியும் இல்லையென்றால் ஓட்டையில் பழைய பொடி அடைத்திருக்கிறது. காலி அடுக்கின் அடிப்பாகத்தை அடுப்புத் தீயில் காட்டிக் கருக்கித் தட்டிவிடுங்கள்.

டிக்காஷனை நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தோடு வைத்தால் போதும். ஹோட்டல்களில் காலை ஏழு மணிக் காபிக்கும் பதினோரு மணிக் காபிக்கும் உள்ள தூரம் இதில்தான் இருக்கிறது. சூட்டிலேயே கிடந்த டிக்காஷனைப் பால் எவ்வளவு ஊற்றினாலும் மறைக்க முடியாது. பாலில் பெரிய ரகசியம் இல்லை. ஆவின் பச்சைப் பாக்கெட், 4.5 சதவீதக் கொழுப்பு, தண்ணீர் சேர்க்காமல், ஒரு கொதி. நீலத்தில் 3 சதவீதம்தான், அதற்கு டிக்காஷனைக் கொஞ்சம் கூட்டணும்.

பொடியை அரைக் கிலோவாக வாங்கி வைப்பதில் லாபம் இல்லை. அரைத்த நாளிலிருந்தே வாசனை கழன்றுகொண்டிருக்கும். 100 கிராம் வாங்கி, தீர்ந்ததும் மறுபடி அரைத்து வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பா, இருட்டு அலமாரி. ஃப்ரிட்ஜுக்குள் வேண்டாம், ஈரத்தையும் நேற்றைய சாம்பார் வாசனையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.