கிராபீன் ஒரு பரிமாணப் பொருள் அல்ல

தம்பி, உங்கள் பதிவில் "ஒரு அளவு மட்டும் நனோவில் இருந்தால் அது ஒரு பரிமாண நனோபொருள், அதனால் கிராபீனும் ஒரு பரிமாணம்" என்று எழுதியிருக்கிறீர்கள், இது தலைகீழ். எண்ண வேண்டியது நனோ அளவுக்குள் அடங்காத திசைகளை. நீளம், அகலம், தடிப்பு மூன்றும் ஏறத்தாழ 100 நனோமீற்றருக்குள் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு) நின்றால் பூச்சியப் பரிமாணம், குவாண்டம் புள்ளிகள் எனும் மிகச் சிறிய குறைகடத்தித் துணிக்கைகள் அப்படித்தான். நீளம் மட்டும் வெளியே போனால் ஒரு பரிமாணம், காபன் நனோகுழாய் அதில் வரும். கிராபீன் என்பது காபன் அணுக்களால் ஆன ஒற்றைப் படை, அதன் தடிப்பு ஒரே ஒரு அணு, ஏறத்தாழ 0.34 நனோமீற்றர்தான், ஆனால் மற்ற இரண்டு திசையிலும் தாள் மாதிரி விரிந்து போகும், ஆகவே அது இரு பரிமாணம்.

முப்பரிமாணம் என்றால் நனோவே இல்லை என்றதும் பிழை. வெளியே பெரிதாக இருந்தாலும் உள்ளே நனோ அளவுத் துளைகளோ மணிகளோ நிறைந்திருந்தால் அதுவும் சேரும்.

அப்புறம் நீங்கள் நனோபொருள் என்று சொன்ன அந்தப் பொகல சுரங்கத்துக் காரீயம், அதாவது பென்சிலில் வரும் கிராபைற்று. வெட்டியெடுக்கிற கட்டி நனோபொருள் அல்ல, படை படையாகப் பிரித்தெடுத்தால்தான் கிராபீன் கிடைக்கும். ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் என்ற இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனம் நம்முடைய காரீயத்தில் இந்த வேலையைத்தான் செய்தது. வெள்ளவத்தை வகுப்புப் பிள்ளைகள் உங்கள் பதிவைக் குறிப்பாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து இன்றைக்கே திருத்திவிடுங்கள்.