ஒழுக்கம் கெட்டவங்களுக்குத்தான் வருமா, அண்ணாச்சி?

ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாமில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் குரூப்பில் நீங்கள் அங்கே பேசிய வீடியோவுக்குக் கைதட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. நர்ஸம்மா வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, உடலுறவால் பரவும் பால்வினைத் தொற்று என்று பேச ஆரம்பித்ததுமே மைக்கை வாங்கி, "நம்ம பொம்பளைகளுக்கு இது எதுக்கு, நாம என்ன ஒழுக்கம் கெட்டவங்களா" என்றீர்கள். முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சந்தேகம் கேட்க வந்தவர்கள் கேட்காமலே எழுந்து போனார்கள்.

வரும் அண்ணாச்சி. ஒரே புருஷனோடு வாழ்கிற பெண்ணுக்கும் வரும். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்றுகள் மூன்றுமே பாக்டீரியாவால் வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்காரர்களிடம் புதிதாக வந்த கிளமிடியா 12.9 கோடி, கொனோரியா 8.2 கோடி, சிபிலிஸ் 71 லட்சம். ஆணுறை இல்லாத உறவு, புதுத் துணை, பல துணை, 25-க்குக் கீழ் வயது, முன்பே ஒருமுறை வந்திருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். நமக்கு ஒருவர்தான் என்றாலும் அவருக்கு வேறு துணை இருந்தால் போதும். அதை எந்தப் பெண் வீட்டில் வாய்திறந்து கேட்க முடியும், சொல்லுங்கள்.

சொந்தத்தில் ஒரு மைனி. அண்ணனுக்கு மும்பையில் கடை வேலை, கோயில் கொடைக்கு மட்டும்தான் ஊருக்கு வருவார். மைனிக்கு அடிவயிறு வலிக்கும்போதெல்லாம் சூடு என்று சொல்லி வெந்தயத்தை முழுங்க வைத்தார்கள். பிள்ளை தங்கவில்லை என்று விசேஷ வீடுகளில் அவளை ஒதுக்கியும் வைத்தார்கள். கடைசியில் கருக்குழாய் இரண்டும் அடைத்திருக்கிறது, பழைய தொற்றாக இருக்கலாம் என்றார் டாக்டர். மடியில் சுளகு, பீடி இலையில் தூளை வைத்து உருட்டி நூலைச் சுற்றியபடியே, நிமிராமல் என்னிடம் கேட்டாள்: "நான் யாருக்குடி என்ன தப்பு பண்ணுனேன்?" அவளிடம் போய் ஒழுக்கம் பேசுவீர்களா?

கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. வலி வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால் அதற்குள் கருக்குழாய் வரை ஏறியிருக்கலாம். முன்பே தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகும். சிபிலிஸும் ஆரம்ப நிலையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் போய்விடும். ஆனால் புருஷனுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப வரலாம்.

சின்னப் பிள்ளைகள் இருந்த கூட்டம் என்கிறார்கள். சரி, நியாயம், அவர்களை வெளியே அனுப்பியிருக்கலாம். பேசினால் ஊர் கெட்டுவிடும் என்பதைத்தான் ஏற்க முடியாது. உங்கள் வீட்டு மருமகள் மாசமாக இருந்தபோது எடுத்த ரத்தத்தில் சிபிலிஸும் பார்த்திருப்பார்கள். அதனால் யார் கெட்டுப்போனார்கள்?

"இவளுக்கு மட்டும் இதெல்லாம் எப்படித் தெரியுது" என்று குரூப்பில் ஒருவர் என்னைப் பற்றிக் கமெண்ட் போட்டிருக்கிறார். என்னோடு படித்தவர்தான். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மும்பைக்குப் போன அண்ணனை இன்றுவரை ஊரில் ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வி எல்லாம் மைனிக்கும், இப்போது எனக்கும்தான்.

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தத் தொற்றுகளைப் பார்ப்பதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை, விஷயத்தையும் வெளியே விடமாட்டார்கள். அடுத்த மாத முகாமுக்கு அதே நர்ஸம்மாவைக் கூப்பிடுங்கள் அண்ணாச்சி. ஆண்களையும் வந்து உட்காரச் சொல்லுங்கள்.