பத்து வருஷத்தில் இருபது வயது

(பாஸ்டன் நகரம், டார்செஸ்டர் பகுதி. மூன்றடுக்கு மரவீடு. கீழ்த்தளத்தில் பாட்டி மார்கரெட், ஊருக்கெல்லாம் பெக். நடுத்தளத்தில் பாட்டியின் சகோதரி ஐலீன். மேல்தளத்தில் பாட்டியின் மகள். மூன்று தளத்துக்கும் சாவி எல்லாரிடமும் உண்டு. கதவைத் தட்டும் வழக்கம் யாரிடமும் இல்லை. சமையலறைச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், பக்கத்திலேயே ஜான் கென்னடி. அடுப்பில் கார்ன்டு பீஃப், அதாவது உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி, வெந்துகொண்டிருக்கிறது. மேஜைமேல் பழைய பிஸ்கட் டின், அதற்குள் நாலு தலைமுறைக் காகிதம். பேத்தி கேட்லின் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டி செய்தித்தாளைத் திருப்பி நேராக மரண அறிவிப்புப் பக்கத்துக்குப் போகிறார். ஐரிஷ்காரர்களின் ஸ்போர்ட்ஸ் பக்கம் என்று அதற்குப் பெயர்.)

கேட்லின்: பாட்டி, உன் அம்மா எந்த வருஷம் பிறந்தார்?

பாட்டி: நோரா போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. இப்போது என்ன, கேக் வெட்டப் போகிறாயா?

கேட்லின்: அயர்லாந்து பாஸ்போர்ட் வாங்கலாம் என்று பார்க்கிறேன். அது இருந்தால் ஐரோப்பிய யூனியனில் எந்த நாட்டில் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்.

பாட்டி: அங்கேயிருந்து ஒவ்வொருத்தியாகக் கிளம்பி இங்கே வந்து சேர முப்பது நாற்பது வருஷம் ஆயிற்று. நீ திரும்பிப் போக மனுப் போடுகிறாய். சரி, எழுதிக்கொள். 1904. கால்வே பக்கம், கனமாரா.

கேட்லின்: கப்பல் பட்டியலில் 1925இல் வயது 21. சரியாக இருக்கிறது. ஆனால் 1930 சென்சஸில் 23 என்று இருக்கிறதே?

பாட்டி: கடல் காற்று உடம்புக்கு நல்லது.

கேட்லின்: 1940இல் 29.

பாட்டி: ம்.

கேட்லின்: 1950இல் 35. கால் நூற்றாண்டில் பதினாலு வயதுதான் ஏறியிருக்கிறது.

பாட்டி: அதெல்லாம் ரகசியம் என்றல்லவா சொன்னார்கள்?

கேட்லின்: 72 வருஷம்தான் ரகசியம். 1950 சென்சஸை 2022இல் வெளியே விட்டுவிட்டார்கள்.

பாட்டி: என்ன அவசரம்? நான் கண்ணை மூடுகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம்.

கேட்லின்: ஏன் பாட்டி குறைத்துச் சொன்னார்?

பாட்டி: உன் கொள்ளுத் தாத்தா அவளைவிட மூன்று வயது சின்னவர். அதனால் கல்யாணத்துக்கு ஒரு மூன்று வயதைக் குறைத்தாள். அது பொய் இல்லை, புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதை.

கேட்லின்: 1930இல் மூன்று குறைகிறது, சரி. 1940இல் ஏழு குறைகிறது. 1950இல் பதினொன்று.

பாட்டி: அந்த மனுஷனுக்கு நரைக்கவே இல்லையே. அவள் என்ன செய்வாள்?

கேட்லின்: நோராவின் கல்லறைக் கல்லில் பிறந்த வருஷம் 1915 என்று செதுக்கியிருக்கிறது. அப்படியானால் பத்து வயதில் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து, பேக் பேயில் பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

பாட்டி: கெட்டிக்காரிதான், இல்லையா?

கேட்லின்: அதே வீட்டில் டீலியா என்று ஒருவர். 1930இல் வயது 24. இவர் நோராவின் அக்காவா?

பாட்டி: தங்கை. 1927இல் அம்மாதான் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பி வரவழைத்தாள். பாவம், வந்த புதுசு. கணக்கெடுக்க வந்தவன் வயதைக் கேட்டான். உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவன் வாசல் தாண்டியதும் அம்மா பிடித்துக்கொண்டாள் பார், 'உனக்காகக் கப்பல் டிக்கெட் எடுத்தேனே, அதற்கு இதுதானா நன்றி?' என்று.

கேட்லின்: 1940இல் டீலியாவுக்கு 27.

பாட்டி: புத்தி வந்துவிட்டது. ஏலக்கடையில் போட்டி போட்டு ஏற்றுவார்கள், எங்கள் வீட்டில் போட்டி போட்டு இறக்கினார்கள்.

கேட்லின்: தங்கைக்கு அக்கா டிக்கெட் எடுத்தார். அக்காவுக்கு யார் எடுத்தது?

பாட்டி: நோராவின் அத்தை பிரிஜெட். 1888இல் அவள்தான் முதலில் வந்தது. கல்யாணம் ஆகாத பெண், துணைக்கு ஒரு ஆம்பிளை கிடையாது. மற்ற நாட்டுக்காரர்கள் மகனை அனுப்புவார்கள். நாம் மகளை அனுப்பினோம்.

கேட்லின்: ஏன்?

பாட்டி: மகள்தான் பணம் அனுப்புவாள். மகன் அனுப்புவதாகக் கடிதம் போடுவான்.

கேட்லின்: அவருக்கு நிஜமாகவே பிரிஜெட் என்றுதான் பெயரா? அந்தக் காலத்தில் ஐரிஷ் வேலைக்காரி என்றாலே பிரிஜெட் என்று கூப்பிடுவார்களாமே?

பாட்டி: இவள் ஒருத்தி அசல் பிரிஜெட். கூட வேலை பார்த்தது ஒரு மேரி, ஒரு ஆனி. எஜமானியம்மாவுக்கு மூன்றுமே பிரிஜெட். அவள் பிரிஜெட் என்று கூப்பிட்டால் மற்றவளைத்தான் கூப்பிடுகிறாள் என்று மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலேயே டீ குடிப்பார்களாம். அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

கேட்லின்: அமெரிக்கப் பக்கம் இப்படி. அயர்லாந்துப் பக்கம் இதைவிட மோசம். 1901, 1911 இரண்டு சென்சஸையும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நோராவின் பாட்டி கேதரின், 1901இல் வயது 52. பத்து வருஷம் கழித்து, அதே வீடு, அதே கேதரின், வயது 72.

பாட்டி: (செய்தித்தாளை மடிக்கிறார்) ஆமாம், அவள் ஏற்றினாள்.

கேட்லின்: பத்து வருஷத்தில் இருபது வயதா! இந்தக் குடும்பத்தில் ஏறிய ஒரே ஆள் இவர்தான்.

பாட்டி: காரணமில்லாமலா ஏறும்? முதியோர் பென்ஷன். 1908இல் சட்டம் போட்டார்கள், 1909 ஜனவரியிலிருந்து பணம். 70 வயதானால் வாரம் ஐந்து ஷில்லிங். கனமாராவில் கையில் ரொக்கமாக ஐந்து ஷில்லிங்! அவளுக்கு அப்போது 60. பத்து வருஷம் காத்திருக்க அவள் என்ன பைத்தியமா? அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரே ராத்திரியில் கிழவிகளாகிவிட்டார்கள்.

கேட்லின்: பிறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார்களா?

பாட்டி: அயர்லாந்தில் பிறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1864இல். அதற்கு முன்னால் பிறந்தவளிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? அதனால் அதிகாரி கேள்வி கேட்பான். 'பெரிய காற்று அடித்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா?' 1839, ஜனவரி 6. ஊர் ஊராகக் கூரை பிய்த்துக்கொண்டு போன புயல். ஞாபகம் இருக்கிறது என்றால் 70 தாண்டிவிட்டது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டுவிடுவான்.

கேட்லின்: பாட்டி, கேதரின் பிறந்தது 1849.

பாட்டி: சரி.

கேட்லின்: பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் அடித்த காற்று!

பாட்டி: அதனால் என்ன? அவள் அம்மா அந்தக் கதையைக் குளிர்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் பெண்களை வளர்த்தாள். கூரை எந்தப் பக்கம் பறந்தது, எந்தக் கோழி யார் வீட்டுப் புகைபோக்கியில் மாட்டியது, எல்லாம் மனப்பாடம். கேதரின் சொல்லச் சொல்ல அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர். நடுவில் அவன் சந்தேகமாக ஒன்று கேட்டான் போலிருக்கிறது, 'அன்றைக்கு நீ என்ன சாப்பிட்டாய்?' என்று. 'உருளைக்கிழங்கு, கையில் வைத்து, நானே' என்றாளாம். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மாட்டியிருப்பாள்.

கேட்லின்: 1849 என்றால் பஞ்சக் காலத்துக் குழந்தை. நிஜமாகவே அவர் பார்த்த கஷ்டம் எவ்வளவோ இருந்திருக்கும். அதைச் சொல்லியிருக்கலாமே?

பாட்டி: அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கோழிக் கதையைத்தான் சொல்வாள். (எழுந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கிறார்.) முட்டைக்கோஸைப் போட்டுவிடட்டுமா?

கேட்லின்: போடு. யாராவது 1851 சென்சஸைத் தேடிப் பார்த்திருந்தால் 'கேதரின், வயது 2' என்று இருந்திருக்கும்.

பாட்டி: (திடுக்கிட்டு) அதையும் இணையத்தில் போட்டுவிட்டார்களா?

கேட்லின்: இல்லை. 1922இல் உள்நாட்டுப் போர் ஆரம்பித்தபோது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்துவிட்டது. அதோடு போயிற்று.

பாட்டி: (சிலுவை போட்டுக்கொள்கிறார்) ஆண்டவர் நம் குடும்பத்தைக் கைவிட்டதே இல்லை.

கேட்லின்: பாஸ்போர்ட் கிடைக்கட்டும், உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே அசல் கார்ன்டு பீஃப், முட்டைக்கோஸ் சாப்பிடலாம்.

பாட்டி: அங்கே எவன் அதைச் சாப்பிடுகிறான்? அங்கே முட்டைக்கோஸோடு பன்றி. மாட்டிறைச்சி நாம் இங்கே வந்து, யூதர்களின் கசாப்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிடித்துக்கொண்ட பழக்கம். சோடா ரொட்டியில் உலர்திராட்சை போட்டேன் என்று எழுதினதற்கு, 'அங்கே போய்ப் பணத்திமிர் வந்துவிட்டது' என்று அம்மாவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. சரி, சட்டம் என்ன சொல்கிறது? படி.

கேட்லின்: அயர்லாந்தில் பிறந்த குடிமக்களின் பிள்ளைகள், உலகத்தில் எங்கே பிறந்திருந்தாலும் பிறவியிலேயே அயர்லாந்துக் குடிமக்கள். நோரா அங்கே பிறந்தார். அவர் மகள்... பாட்டி, அது நீதான்!

பாட்டி: இத்தனை நாளாகவா?

கேட்லின்: தொட்டிலில் கிடந்ததிலிருந்து. அடுத்தது பேரப்பிள்ளைகள். வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்தால் குடியுரிமை. கட்டணம் 278 யூரோ. அது என் அம்மா.

பாட்டி: ஓய்வூதியத்தில் இருக்கிறாள், கட்டட்டும். நீ?

கேட்லின்: நான் கொள்ளுப்பேத்தி. (மௌனமாகப் படிக்கிறாள்.) நான் பிறப்பதற்கு முன்பே அம்மா பதிந்திருந்தால் எனக்கும் உண்டு.

பாட்டி: பதியவில்லையே.

கேட்லின்: பதியவில்லை.

பாட்டி: அப்படியென்றால் நான் ஐரிஷ், உன் அம்மா கிட்டத்தட்ட ஐரிஷ், நீ வெறும் அமெரிக்கன்.

கேட்லின்: நான் ஆறு வயதிலிருந்து ஐரிஷ் நடனம் ஆடியவள்! முதுகில் அயர்லாந்துச் சின்னமான ஷாம்ராக் இலை பச்சை குத்தியிருக்கிறேன்!

பாட்டி: முதுகிலா? எப்போது?

கேட்லின்: அம்மாவிடம் சொல்லிவிடாதே.

பாட்டி: நான் ஏன் சொல்லப் போகிறேன்? ஆனால் குடியுரிமை இல்லாதவள் அதைக் குத்திக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார். அழு, அழு, இந்தா துண்டு. ஒரு வழி இருக்கிறது. உன் அம்மா இந்த வருஷம் பதிந்துவிடட்டும். நீ அடுத்த வருஷம் பிறந்ததாக எழுது.

கேட்லின்: அப்போது எனக்கு இன்றைக்கு வயது மைனஸ் ஒன்று.

பாட்டி: கேதரின் பத்து வருஷத்தைச் சமாளித்தாள். உனக்கு ஒரு வருஷம் பெரிதாகத் தெரிகிறதா? படித்த பெண்களுக்குத் துணிச்சலே இல்லை.

கேட்லின்: வேண்டாம் பாட்டி. உனக்காவது வாங்கிவிடுவோம். சிட்டி ஹாலில் உன் பிறப்புச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். இதோ, 1936.

பாட்டி: ஸ்ஸ்ஸ்! (கூரையைப் பார்க்கிறார்.) மேலே கேட்கும், வெறும் பலகை.

கேட்லின்: ஐலீன் பாட்டி உன் கூடப் பிறந்தவர். அவருக்குத் தெரியாதா? உனக்கு இரண்டு வயது இளையவர்தானே, 1938. அவர் சான்றிதழும் எடுத்தேன்.

பாட்டி: அவள் எனக்கு அக்கா.

கேட்லின்: தங்கை என்று அரசாங்க முத்திரையே இருக்கிறது!

பாட்டி: அது 1961 வரைக்கும். என் கல்யாணத்திலிருந்து அக்கா. உன் தாத்தாவிடம் நான் 22 என்று சொல்லிவிட்டேன், அவளுக்கு அப்போது 23 ஆகிவிட்டது. வேறு வழி?

கேட்லின்: அவர் ஒத்துக்கொண்டாரா?

பாட்டி: சும்மாவா? அம்மாவின் பெல்லீக் பீங்கான் டீ செட்டை முழுசாக வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள். எனக்கு ஒரு சாஸர்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்தக் காகிதத்தை டின்னுக்குள் போடு, படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. எழுந்திரு, அந்த நல்ல நாற்காலியை அவளுக்குக் கொடு. வயதில் பெரியவள்.