சொட்டுற இடம் வேற, ஓட்டை வேற

“கேரவன் கூரையில எங்க சொட்டுதோ, அங்க உள்ளேயிருந்து சிலிகான் அடிச்சா போதும்”னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். தப்புண்ணே. புகுந்த தண்ணி கூரைச் சட்டம் (ஃபிரேம்) வழியா ஓடி, நாலு அடி தள்ளிக்கூட சொட்டும். உள்ளே அடைச்சா பிளைவுட்டுதான் ஊறி அழுகும்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குற வண்டி, பாடி முறுக்கிக்கிட்டே இருக்கும். வென்ட் (கூரையில காத்துப் போற திறப்பு), ஜன்னல் ஓர மூட்டுகளைத்தான் முதல்ல சந்தேகப்படணும். வெயில் நாள்ல ஓஸ் தண்ணியை மெதுவா, கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு மூட்டா விடுங்க. உள்ளே ஒருத்தர் டார்ச்சோட பார்க்கணும். (பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், நல்ல மூட்டுலயும் தண்ணியை ஏத்திடும்.) ஒழுகுறதைக் கழட்டி, பழைய சிலிகானை முழுசா சுரண்டிட்டு பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டுற டேப்) வெச்சு இறுக்குங்க. பழசு மேல புதுசு சரியா ஒட்டாது.

மழையே இல்லாம ஈரமா? குழாயெல்லாம் மூடியிருந்தும் வண்டியோட தண்ணி பம்ப் அப்பப்ப தானா ஓடுதான்னு பாருங்க. ஓடினா கசிவு பைப் லைன்ல.